காசிமேட்டுக் குளிர் அறையும் 300 என்ற எண்ணும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு குளிர் அறை. சுவரில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கருவி. அதிலிருந்து நான்கு வெப்பநிலை உணரிகள் அறைக்குள் போகின்றன. கதவில் காந்த சுவிட்ச், வெளியே சைரன். அறை சூடேறினால் உரிமையாளரின் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். கதவு ஐந்து நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் சைரன் அலறும்.

அந்த ஐந்து நிமிடம்தான் தகராறு. லாரியில் சரக்கு ஏற்றும்போது கதவு இருபது நிமிடமாவது திறந்துதான் கிடக்கும். சத்தம் தாங்காமல் ஏற்றுகிற ஆட்கள் சைரன் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். மறுபடி மாட்ட யாருக்கும் நினைவிருக்காது. அப்படிப் பிடுங்கிக் கிடந்த ஓர் இரவில் கதவு சரியாகச் சாத்தவில்லை. விடிந்து பார்த்தால் எறாவும் வஞ்சிரமும் கெட்டுக் கிடந்தன. ஐந்து நிமிடத்தை இருபத்தைந்தாக்கித் தரச்சொல்லி உரிமையாளர் அதற்கு முன்பே இரண்டு முறை கேட்டிருந்தார். நடக்கவில்லை.

குளிர் அறை, கருவியைச் செய்த கொடுங்கையூர்ப் பட்டறை, பலகை கொடுத்த சப்ளையர் ஆகிய மூன்றும் விளக்கத்துக்காக அமைத்த மாதிரிகள். இவற்றைச் சுற்றி வரும் சட்டப் பிரிவுகள், உரிம விதிகள், மென்பொருள்களின் நடத்தை, பிழைச் செய்திகள் எல்லாம் உள்ளபடியே. சின்னப் பட்டறையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் உரிமம் என்றாலே பெரிய கம்பெனி வக்கீல்களின் விவகாரம் என்று நினைத்துவிடுகிறார்கள். லினக்ஸ் ஏற்றிய ஒரே ஒரு பெட்டியை விற்றவருக்கும், மூலநிரலை (மனிதர் எழுதிய வடிவிலுள்ள நிரலை, அதாவது சோர்ஸை) தர வேண்டிய அதே கடமைதான்.

பெட்டியே சொன்னது

குளிர் அறையில் மின்வேலை பார்ப்பவர் ஐடிஐ படித்தவர். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய முதல் வாரத்தில், அறை காலியாக இருந்தபோது, பெட்டியைத் திறந்தார். கிழக்குக் கடற்கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதற்குள் கோளாறைச் சரிசெய்துவிட வேண்டும் என்பது கணக்கு.

பலகையின் ஓரத்தில் பெயர் அச்சிடாத மூன்று முனைகள் இருந்தன. இப்படி மூன்றோ நான்கோ முனைகள் வரிசையாக இருந்தால் பெரும்பாலும் அது சீரியல் கன்சோல்தான். யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் ஒன்று போதும். ஆனால் அதன் ஜம்பர் 3.3 வோல்ட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 5 வோல்ட்டில் மாட்டினால் சிப்பின் அந்த முனை போய்விடும். வேகம் 115200. கரண்ட் கொடுத்ததும் திரையில் வரிகள் ஓடின. முதலில், இயங்குதளத்தை ஏற்றிவிடும் யு-பூட் நிரல். அடுத்து ‘லினக்ஸ் வெர்ஷன் 4.9’ என்று தொடங்கும் வரி. அந்த வரியில் அடைப்புக்குறிக்குள், லினக்ஸின் மையக்கருவான கெர்னலைக் கட்டிய, அதாவது மூலநிரலிலிருந்து இயங்கும் கோப்பாக்கிய, கணினியின் பெயரும் பயனர் பெயரும் ஜிசிசி கம்பைலரின் பதிப்பும் தாமாகவே பதிவாகியிருக்கும். இங்கே தெரிந்த பெயர் பட்டறையுடையது இல்லை, பலகை சப்ளையருடையது. இதைக் குறித்து வைத்தது பின்னால் பெரிய உதவியானது.

முழு அதிகாரமுள்ள ரூட் பயனருக்குக் கடவுச்சொல் வைக்கவில்லை. உள்ளே போய், அடிப்படைக் கட்டளைகளை ஒரே நிரலாகத் தரும் ‘பிஸிபாக்ஸ்’ பெயரை மட்டும் தட்டினார். பதிப்பு 1.27.2 என்று காட்டிவிட்டு, இதன் பதிப்புரிமை பலருக்கு உரியது, ஜிபிஎல் (குனூ பொதுமக்கள் உரிமம்) இரண்டாம் பதிப்பின் கீழ் உரிமம் தரப்பட்டுள்ளது என்று அந்த நிரலே அச்சிட்டது. யாரும் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய கருவியில் ஓடும் நிரல் எப்படி வேலை செய்கிறது என்று இயக்கிப் பார்த்து அறிவதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52 வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

ஏப்ரல் 22 அன்று பட்டறை முதலாளிக்குப் போன் போட்டார்.

“அண்ணே, பொட்டிக்குள்ள ஓடுறது லினக்ஸு. ஜிபிஎல்லுன்னு அதுவே சொல்லுது. சோர்ஸ் குடுத்தீங்கன்னா அந்த அஞ்சு நிமிஷத்த நானே மாத்திக்குவேன்.”

“பொட்டியத்தான வித்தேன், சோர்ஸையா வித்தேன்? அது எங்க சொத்து தம்பி. குடுத்தா நாளைக்கே பக்கத்துத் தெருவுல ஒருத்தன் காப்பியடிச்சு உக்காந்துடுவான்.”

மூன்று மறுப்புகள்

அடுத்த சில நாட்களில் பட்டறை மூன்று பதில்களைச் சொன்னது. ஒன்று, எங்கள் சொத்து. இரண்டு, நாங்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. மூன்று, பலகை கொடுத்தவரே எங்களுக்கு மூலநிரல் தரவில்லை, நாங்கள் எங்கே போவது. மூன்றையும் பிரித்துப் பார்த்தாலே காப்பிலெஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கிவிடும்.

இரண்டாவதிலிருந்து தொடங்குவோம், அதுதான் அடித்தளம். இந்தியாவில் கணினி நிரல், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேரும். கதைக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. எழுதியவர் அனுமதிக்காமல் நகலெடுக்கவோ விற்கவோ முடியாது. உரிமம் என்பது அந்த அனுமதி. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் 5-ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது: நீங்கள் கையெழுத்திடவில்லை, ஆகவே இதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் மாற்றவும் விநியோகிக்கவும் உங்களுக்கு வேறு எதுவும் அனுமதி தரவில்லை. கையெழுத்துப் போடவில்லை என்று பட்டறை சொன்னது உண்மை. அப்படியானால் விற்ற 140 பெட்டிகளும் அனுமதியில்லாத நகல்கள். தப்பிக்கச் சொன்ன வாதம் நிலைமையை மோசமாக்குகிறது.

இதுதான் காப்பிலெஃப்டின் நுட்பம். தமிழில் அளிப்புரிமை என்றும் எழுதுகிறோம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார்; ஜிபிஎல்லின் முதல் பதிப்பு 1989-இலும், இன்றும் லினக்ஸ் கெர்னலைக் காக்கும் இரண்டாம் பதிப்பு 1991-இலும், மூன்றாவது 2007-இலும் வந்தன. பதிப்புரிமையைக் கைவிட்டுப் பொதுவில் போட்டுவிடுவது அவர் வழியாக இருக்கவில்லை. போட்டுவிட்டால் எடுப்பவர் நாலு வரி மாற்றி, பூட்டி விற்கலாம். வாங்குபவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் பதிப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார்: எப்படி வேண்டுமானாலும் இயக்கு, மாற்று, விற்றுக் காசு பண்ணு, யாரிடம் கொடுக்கிறாயோ அவருக்கும் இதே உரிமைகளையும் மூலநிரலையும் கொடு. எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்களில் இந்தக் கடைசி நிபந்தனை கிடையாது. ஆக்கியவர் பெயரையும் உரிம வாசகத்தையும் காப்பாற்றினால் போதும்.

மூன்றாவது மறுப்புக்கு வருவோம். ஜிபிஎல்லில் கடமை சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி. விற்கிறவர் தர வேண்டும். மேலே உள்ளவர் தரவில்லை என்பது அவரோடு தீர்க்க வேண்டிய கணக்கு, வாடிக்கையாளரிடம் செல்லாது. மேலேயிருந்து வந்த வாக்குறுதிச் சீட்டை அப்படியே கைமாற்றும் வழி ஒன்று இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. அது வணிக நோக்கமில்லாத விநியோகத்துக்கு மட்டும். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் நடந்தது இதே கதைதான். சிப் ஒருவருடையது, பெட்டி செய்தவர் வேறொருவர், பெயர் ஒட்டி விற்றவர் மூன்றாமவர், 2003-இல் அந்த நிறுவனத்தையே வாங்கிய சிஸ்கோ நான்காமவர். உள்ளே லினக்ஸ் இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்துக் கேட்டபோது பதில் சொல்ல வேண்டியிருந்தது கடைசியாக விற்றவர். வெளியான அந்த மூலநிரலிலிருந்துதான் ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர்களுக்கான கட்டற்ற இயங்குதளம் பிறந்தது. அடுத்த ஆண்டே, 2004-இல், ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஜிபிஎல் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

முதல் மறுப்பில் மட்டும் பாதி உண்மை இருந்தது. எந்தப் பாதி என்று பட்டறைக்கே தெரியவில்லை.

கணக்கெடுப்பு

பெட்டியில் பட்டறை எழுதியவை மூன்று: வெப்பநிலையைப் பதிந்து எஸ்எம்எஸ் அனுப்பும் முக்கிய நிரல், செட்டிங்ஸ் மெனு, கதவு சுவிட்சுக்கும் சைரனுக்குமான கெர்னல் டிரைவர். மிச்சமெல்லாம் பிறருடையவை.

முக்கிய நிரல் தனியாக ஓடுகிறது; கெர்னலிடம் சிஸ்டம் கால் (கெர்னலின் சேவையைக் கேட்கும் வழக்கமான அழைப்பு) மூலமாக மட்டும் பேசுகிறது. லினக்ஸ் கெர்னலின் உரிமக் கோப்பின் தலைப்பிலேயே ஒரு குறிப்பு உண்டு: இப்படிச் சாதாரணமாக சிஸ்டம் கால் வழியே கெர்னலைப் பயன்படுத்தும் நிரல்கள் கெர்னலின் வழிப்படைப்புகளாகக் கருதப்படமாட்டா. ஆகவே எந்த வெப்பநிலையில், எத்தனை அளவீடுகளுக்குப் பிறகு எச்சரிக்கை கொடுப்பது என்ற பட்டறையின் சூத்திரம் பட்டறையிடமே இருக்கும். பக்கத்துத் தெருப் பயத்துக்கு இங்கே இடமில்லை. ஒரே பெட்டியில், ஒரே சேமிப்பில் இரண்டு நிரல்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் ஒன்றின் உரிமம் மற்றொன்றுக்குத் தொற்றாது. தொற்றுநோய் என்று ஜிபிஎல்லைத் திட்டுபவர்கள் இந்த ஒரு இடத்தை நிதானமாகப் படித்திருந்தால் நன்றாக இருக்கும்.

டிரைவர் அப்படியில்லை. அது கெர்னலின் உள்ளமைப்புகளை நேரடியாகத் தொட்டு, கெர்னலோடு ஒரே இருமக் கோப்பாகக் கட்டப்பட்டிருந்தது. அது ஜிபிஎல் இரண்டில்தான் வர முடியும். வாடிக்கையாளர் கேட்ட ஐந்து நிமிடம் இருந்ததும் அந்த டிரைவரில்தான்: 300 வினாடி என்று எண்ணாகவே எழுதியிருந்தார்கள்.

யு-பூட்டும் பிஸிபாக்ஸும் ஜிபிஎல். ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எல்ஜிபிஎல், அதாவது தளர்த்திய ஜிபிஎல். தொலைவிலிருந்து உள்ளே வர வைத்திருந்த டிராப்பேர் எம்ஐடி வகை. தரவைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் பொதுச்சொத்து, அதற்கு நிபந்தனையே இல்லை. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. ஒளிந்திருந்தவை இரண்டு.

செட்டிங்ஸ் மெனு நிரலை ‘ரீட்எல்ஃப்’ கருவியால் பார்த்தபோது, ரீட்லைன் என்ற லைப்ரரியின் 7-ஆம் பதிப்பைக் கேட்பது தெரிந்தது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை திரும்ப வர வேண்டும் என்பதற்காகச் சேர்த்திருக்கிறார்கள். லைப்ரரி என்றால் எல்ஜிபிஎல்லாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ரீட்லைன் முழு ஜிபிஎல், அதுவும் மூன்றாம் பதிப்பு. அதோடு இணைத்த நிரலை விநியோகித்தால் அந்த நிரலும் அதே உரிமத்துக்கு வர வேண்டும். 1992-இல் கிளிஸ்ப் என்ற லிஸ்ப் நிரல்மொழிக் கருவியை எழுதியவர் இதே ரீட்லைன் காரணமாகத்தான் தன் நிரலை ஜிபிஎல்லுக்கு மாற்றினார்.

இன்னொன்று லிப்மோட்பஸ். உணரிகள் ஆர்எஸ்-485 கம்பியில் மோட்பஸ் என்ற தகவல் முறையில் பேசுகின்றன; அதற்கான லைப்ரரி எல்ஜிபிஎல் 2.1. அதை ஸ்டாட்டிக்காக, அதாவது முக்கிய நிரலின் கோப்புக்குள்ளேயே சேர்த்து, இணைத்திருந்ததால் ரீட்எல்ஃபில் பெயர் வரவில்லை. கோப்புக்குள் இருக்கும் எழுத்துகளை மட்டும் காட்டும் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கருவியை ஓட்டியபோது அதன் பிழைச் செய்திகள் வரிசையாக வந்து காட்டிக்கொடுத்தன. எல்ஜிபிஎல் லைப்ரரியை மூடிய நிரலோடு சேர்க்கலாம். ஆனால் வாங்கியவர் அந்த லைப்ரரியை மாற்றி மீண்டும் இணைக்க வழி இருக்க வேண்டும். தனி .எஸ்ஓ கோப்பாக வைத்தால் அந்த வழி தானாக இருக்கிறது. ஸ்டாட்டிக்காக இணைத்தால் நம் நிரலின் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது (கம்பைல் செய்து இன்னும் இணைக்காத துண்டுகளை) தர வேண்டும். கட்டும் முறையைச் சொல்லும் மேக்ஃபைலில் மூன்று வரி மாற்றி .எஸ்ஓ ஆக்கியதோடு அது முடிந்தது.

ரீட்லைனுக்கு எதிர்காலத்தில் தீர்வு எளிது. லிப்எடிட் என்ற பிஎஸ்டி உரிம லைப்ரரி அதே செயற்கூறு பெயர்களைத் தருகிறது; ஹெட்டர் பெயரை மாற்றிக் கட்டினால் மெனு முன்போலவே ஓடும். ஏற்கெனவே விற்ற பெட்டிகளுக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். ஜிபிஎல் நிரலைக் கலந்துவிட்டால் நம் நிரல் அந்த நொடியே பொதுச்சொத்தாகிவிடாது. நடப்பது பதிப்புரிமை மீறல். பிரிவு 55-இன்படி ரீட்லைன் உரிமையாளர் கேட்கக்கூடியது தடை உத்தரவு, நஷ்டஈடு, லாபக் கணக்கு. நிரலை வெளியிடுவதா, ரீட்லைனை அகற்றி விற்பதா என்பதைப் பட்டறைதான் முடிவுசெய்ய வேண்டும். மூன்றாம் பதிப்பின் 8-ஆம் பிரிவு, முதல் தடவை மீறியவர் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் நிரந்தரமாகத் திரும்பக் கிடைக்கும் என்று சொல்கிறது. இரண்டாம் பதிப்பில் அந்தச் சலுகை கிடையாது. மீறிய உடனே அனுமதி தானாக ரத்து. கெர்னலை எழுதுபவர்களில் பலர் 2017-இல் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டு, மூன்றாம் பதிப்பின் இந்தத் தவணையைத் தங்கள் பங்குக்கும் பொருத்திக்கொண்டார்கள்.

செட்டிங்ஸ் மெனு 480 வரி. அதில் ரகசியம் எதுவும் இல்லை. அதை ஜிபிஎல் மூன்றில் வெளியிடுவது என்று பட்டறை முடிவெடுத்தது. முடிவெடுத்த அன்றே முட்டுக்கட்டை விழுந்தது.

எழுதியவர் ஒருவர், விற்றவர் ஒருவர்

மெனுவையும் முக்கிய நிரலையும் எழுதியவர் பெரம்பூரில் இருக்கும் ஒரு ஃப்ரீலான்ஸர். காசு யுபிஐயில் போனது. பேச்சு வாட்ஸ்அப்பில் நடந்தது. காகிதம் ஒன்றும் இல்லை.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பிரிவு 17-இன்படி முதல் உரிமையாளர் முதலாளி. ஃப்ரீலான்ஸர் அந்த வகையில் வரமாட்டார். எழுத்தில், கையெழுத்தோடு உரிமையை மாற்றித்தராத வரை பதிப்புரிமை அவருடையது. காசு கொடுத்தாயிற்று என்பதால் மட்டும் மாறாது. ‘எங்க சொத்து’ என்று ஏப்ரலில் போனில் சொன்னாரே, அந்தச் சொத்து சட்டப்படி இன்னும் பெரம்பூரில்தான் இருந்தது. தன்னுடையதல்லாத நிரலை ஜிபிஎல்லில் வெளியிடவும் பட்டறைக்கு உரிமை இல்லை.

ஆகவே முதலில் காகிதம். பிரிவு 19-இல் மூன்று பொறிகள் இருக்கின்றன. காலம் எழுதாவிட்டால் மாற்றித்தந்தது ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறாக எழுதியிராத பட்சத்தில், அது காலாவதியாகும். ஆகையால் பத்திரத்தில் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’, ‘உலகம் முழுவதும்’, ‘பிரிவு 19(4) பொருந்தாது’ என்று எழுதி, எந்தெந்தக் கோப்புகள், எந்தப் பதிப்பு, எவ்வளவு தொகை என்று பட்டியல் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். ஃப்ரீலான்ஸர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் மெனுவைப் புதிதாக எழுதுவது ஒன்றுதான் வழி.

மறுத்தவரிடமும் இல்லை

மே முதல் வாரத்தில் முதலாளி சலித்துப்போய், அந்த 300-ஐ நாமே மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தார். அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. மாற்றுவதற்கு டிரைவரின் மூலநிரல் பட்டறையிலேயே இல்லை. டிரைவர் எழுதிய பொறியாளர் போய்விட்டார். அவருடைய லேப்டாப்பை ஃபார்மட் செய்து கணக்குப் பார்க்கக் கொடுத்துவிட்டார்கள். பெட்டிகளில் ஏற்றும் இமேஜ் கோப்பு ஒரு பென் டிரைவில் இருந்தது, அவ்வளவுதான். இரண்டு முறை கேட்டும் ஐந்து நிமிடம் மாறாததற்குக் காரணம் இதுவே. ‘தர மாட்டோம்’ என்று சொன்னவர்களிடம் தருவதற்கே எதுவும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து மின்வேலைக்காரர் கேட்டதும் பட்டறைக்குத் தேவைப்பட்டதும் ஒரே பொருளாயின.

பலகை ரிச்சி தெரு டீலர் மூலம் ஷென்சென் சப்ளையரிடம் வாங்கியது. பட்டறையும் ஜிபிஎல் நிரலைப் பெற்ற வாடிக்கையாளர்தானே. கேட்கும் உரிமை அதற்கும் உண்டு. ‘சோர்ஸ் அனுப்புங்கள்’ என்று ஒற்றை வரியில் கேட்டால் கெர்னலின் பொதுத் தளமான கெர்னல்.ஆர்க் முகவரியைப் பதிலாக அனுப்பிவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: பூட்டில் தெரியும் வெர்ஷன் வரியை அப்படியே ஒட்டி, அந்த இமேஜுக்கான கெர்னல் மூலநிரல், எல்லா பேட்ச்சுகள் (திருத்தங்கள்), கெர்னல் கான்ஃபிக் (எந்தெந்த வசதியைச் சேர்த்துக் கட்டியது என்ற பட்டியல்), டிவைஸ் ட்ரீயின் (பலகையின் பாகங்களைக் கெர்னலுக்குச் சொல்லும் கோப்பின்) மூலம், யு-பூட் மூலநிரலும் கான்ஃபிக்கும், பில்ட் ஸ்கிரிப்ட் (கட்டுவதற்கான கட்டளைகள்). கட்டியவர் கணினிப் பெயர் அந்த வரியிலேயே இருந்ததால் ‘நாங்கள் கட்டவில்லை’ என்று சொல்ல முடியவில்லை. அடுத்த 50 பலகைக்கான ஆர்டரில் இதையே நிபந்தனையாகச் சேர்த்ததும் பதில் வந்தது. உரிமத்தின் பலம் நீதிமன்றத்தில் இருக்கலாம். கடைத்தெருவில் அது ஆர்டர் போடும் வேளையில்தான் கைகொடுக்கிறது.

பத்தொன்பது நாள் கழித்து, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு டார் கோப்பு வந்தது. கெர்னல் இருந்தது. பட்டறையின் டிரைவரும் உள்ளே இருந்தது, 312 வரி. அந்தப் பொறியாளர் முன்பு சப்ளையருக்கே அனுப்பிச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். கான்ஃபிக் இல்லை. டிவைஸ் ட்ரீ இல்லை.

கான்ஃபிக்கை ஓடும் பெட்டியிலிருந்தே எடுத்தார்கள். கெர்னல் கட்டும்போது அந்த வசதியை இயக்கியிருந்தால், ப்ராக் அடைவில் ‘கான்ஃபிக்.ஜிஇசட்’ என்ற கோப்பு இருக்கும். விரித்தால் முழுப் பட்டியலும் கிடைக்கும். டிவைஸ் ட்ரீயை டிடிசி கருவியால் இருமத்திலிருந்து உரைக்குத் திருப்பலாம். திருப்பினார்கள், வேலை செய்தது. ஆனால் பெயர்கள் தொலைந்து வெறும் எண்களாக வந்தன, குறிப்புகள் போயின. ஜிபிஎல் மூலநிரலை வரையறுப்பது ‘மாற்றம் செய்ய விரும்பத்தக்க வடிவம்’ என்று. இப்படித் திருப்பி எடுத்தது அவசரத்துக்கு உதவும், கடமையைத் தீர்க்காது. அசலைக் கேட்டு இரண்டாவது கடிதம் போனது, வந்தது.

இன்னொரு சிக்கல் பதிப்பு. 140 பெட்டிகளிலும் ஒரே மென்பொருள் இல்லை. சர்வீஸுக்கு வந்த பெட்டிகளின் சேமிப்பை நகலெடுத்து எம்டி5 கூட்டலை (கோப்புக்குக் கைரேகை போன்ற எண்ணை) ஒப்பிட்டபோது, இரண்டு கெர்னல்களும் மூன்று ரூட் ஃபைல்சிஸ்டங்களும் (கெர்னல் தவிர்த்த மற்ற நிரல்கள் அடங்கிய தொகுதிகளும்) தேறின. கேட்பவர் கையில் இருக்கும் பெட்டிக்கு உரிய மூலநிரல்தான் தர வேண்டும். கடைசியாகக் கட்டியதைத் தூக்கிக் கொடுத்தால் கணக்குத் தீராது. மூன்றுக்கும் தனித்தனி மூட்டை கட்டினார்கள்.

வெறும் கணினியில் ஒரு சோதனை

ஜிபிஎல் இரண்டு ‘முழுமையான மூலநிரல்’ என்பதில் கம்பைல் செய்யவும் நிறுவவும் உள்ள ஸ்கிரிப்டுகளையும் சேர்த்துச் சொல்கிறது. சேர்த்தோமா இல்லையா என்று அறிய ஒரே ஒரு நம்பகமான சோதனை இருக்கிறது: பட்டறைக்கே சம்பந்தமில்லாத, புதிதாக லினக்ஸ் போட்ட கணினியில், மூட்டையைப் பிரித்து, அதிலுள்ள குறிப்பை மட்டும் படித்து, பெட்டியில் ஏற்றி ஓடும் இமேஜைக் கட்டுவது. இந்தச் சோதனையைச் செய்யாமல் மூட்டையை வெளியே கொடுக்கவே கூடாது.

முதல் முறை தோற்றது. ரூட் ஃபைல்சிஸ்டம், இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு மென்பொருளைத் திரட்டிக் கட்டித்தரும் பில்ட்ரூட் கருவியின் 2017.11 பதிப்பில் கட்டியது. இன்றைய டெபியன் லினக்ஸில், அது பயன்படுத்தும் எம்4 கருவியின் 1.4.18 பதிப்பு, ஜிலிப்சி 2.28-க்குப் பிறகு உள்ளமைப்பு மாறிவிட்டதால், ‘க்னூலிப்பை உங்கள் தளத்துக்குப் பெயர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற பிழையோடு நின்றது. அதைத் தாண்டினால் கெர்னலுக்குள் இருக்கும் டிடிசி, ‘ஒய்ஒய்லாக்’ என்ற மாறி இரண்டு இடத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று நின்றது. ஜிசிசி 10-இல் பொது மாறிகளைக் கையாளும் இயல்பு மாறியதால் பழைய கெர்னல்களில் வரும் பிழை இது. ஒவ்வொன்றுக்கும் பேட்ச் தேடி அலைவதைவிட அந்தக் காலத்து டெபியன் 9-ஐ ஒரு கன்டெய்னரில் (கணினிக்குள் தனியாக ஓடும் சூழலில்) ஏற்றிக் கட்டுவது சுலபம். அதன் தொகுப்புகள் இப்போது டெபியனின் காப்பகச் சர்வருக்குப் போய்விட்டதால், மூலப் பட்டியலில் முகவரியை மாற்ற வேண்டும். இதையும் குறிப்பில் எழுதினார்கள். கம்பைலரையே மூட்டையில் தர வேண்டியதில்லை. எது, எந்தப் பதிப்பு என்று சொன்னால் போதும்.

பில்ட்ரூட்டில் ‘மேக் லீகல்-இன்ஃபோ’ என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு தொகுப்பின் மூலநிரலையும் உரிம உரையையும் திரட்டி, பெயர், பதிப்பு, உரிமம் எழுதிய பட்டியலையும் தரும். அருமையான வசதி, ஆனால் இதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இடறுகிறார்கள். பில்ட்ரூட்டையே அது மூட்டையில் சேர்ப்பதில்லை. ஸ்கிரிப்டுகள் அதில்தான் இருக்கின்றன, நாம்தான் சேர்க்க வேண்டும். உள்ளூர் அடைவிலிருந்து மாற்றிக் கட்டிய தொகுப்புகளுக்கு மூலநிரலைச் சேமிக்காமல் எச்சரிக்கை மட்டும் எழுதிவைக்கும். அது உருவாக்கும் ரீட்மீ கோப்பின் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தால்தான் மூட்டை முழுமை.

கட்டிய இமேஜ் பெட்டியில் இருப்பதோடு பைட்டுக்குப் பைட் பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. கெர்னல் கட்டிய நேரத்தைத் தனக்குள் பதிவதால் எப்படியும் வேறுபடும். ஓடினால் போதும். மூட்டையின் பெரும்பங்கு கெர்னல்தான், சுருக்கியபின் சுமார் 90 எம்பி. பிஸிபாக்ஸ் 2 எம்பி சொச்சம். ஒரு சாதாரண பென் டிரைவில் மூன்று பதிப்புகளும் அடங்கின.

பில்லும் வாக்குறுதிச் சீட்டும்

பட்டறையின் பில்லின் பின்பக்கம், ‘இக்கருவியின் மென்பொருளை நகலெடுக்கவோ, மாற்றவோ, ஆராயவோ கூடாது’ என்று அச்சடித்திருந்தது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வாசகம். ஜிபிஎல் தந்த உரிமையின் மேல் கூடுதல் தடை போட 6-ஆம் பிரிவு இடம்தரவில்லை. எல்ஜிபிஎல்லோ, லைப்ரரியை மாற்றியபின் பிழை தேடுவதற்காக ஆராய்வதை அனுமதித்தே ஆக வேண்டும் என்கிறது. மூலநிரல் முழுவதையும் கொடுத்துவிட்டு இந்த ஒரு வரியை விட்டுவைத்தாலும் மீறல் தொடரும். ‘முக்கிய நிரலுக்கு மட்டும், அதிலும் எல்ஜிபிஎல் அனுமதிப்பது நீங்கலாக’ என்று திருத்தினார்கள். மாற்றிய மென்பொருளுக்கு வாரண்டி இல்லை என்று சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு எந்தத் தடையும் கிடையாது.

மூலநிரலைத் தர இரண்டு வழி. பெட்டியோடு சேர்த்தே கொடுத்துவிடலாம். அத்தோடு கடமை தீரும். அல்லது எழுத்தில் வாக்குறுதி தரலாம். அது குறைந்தது மூன்று ஆண்டு செல்ல வேண்டும், வாங்கியவர் மட்டுமல்ல, கேட்கும் எவருக்கும் பொருந்த வேண்டும். மாதம் பத்து இருபது விற்பவர்களுக்கு முதல் வழிதான் நல்லது. மூன்று ஆண்டு நினைவில் வைத்து, ஆள் மாறினாலும் கோப்பைத் தேடி எடுத்துக்கொடுப்பது சின்னப் பட்டறையால் ஆகாத காரியம். புதிய பெட்டிகளில் பென் டிரைவ் சேர்ந்தே போகிறது. பழைய 140-க்கு மட்டும் இந்தச் சீட்டு போனது:

“இக்கருவியில் உள்ள யு-பூட், லினக்ஸ் கெர்னல், பிஸிபாக்ஸ் ஆகியவை குனூ பொதுமக்கள் உரிமம் இரண்டாம் பதிப்பின் கீழும், ரீட்லைன், செட்டிங்ஸ் மெனு ஆகியவை மூன்றாம் பதிப்பின் கீழும், ஜிலிப்சி, லிப்மோட்பஸ் ஆகியவை குனூ எல்ஜிபிஎல் 2.1-இன் கீழும் வருகின்றன. இவற்றின் முழு மூலநிரலையும், முக்கிய நிரலை மீண்டும் இணைக்கத் தேவையான ஆப்ஜெக்ட் கோப்புகளையும் இச்சீட்டின் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை கேட்கும் எவருக்கும் பென் டிரைவில் தருவோம். பென் டிரைவ் விலையும் தபால் செலவும் மட்டும் பெறுவோம். கேட்கும்போது கருவியின் பின்புறமுள்ள எண்ணைக் குறிப்பிடவும்.”

இணையத்தில் ஏற்றி லிங்க் கொடுத்தால் போதாதா என்ற கேள்வி வரும். மூன்றாம் பதிப்பு கருவிகளுக்கும் அதை வெளிப்படையாக ஏற்கிறது. 1991-இல் எழுதிய இரண்டாம் பதிப்பு, கைப்பொருளாக விற்கும்போது ஊடகத்தில் தருவதைத்தான் பேசுகிறது. லிங்க்கும் வைக்கலாம், கேட்டால் பென் டிரைவும் தர வேண்டும். உரிம உரைகளை ஆங்கில மூலத்திலேயே சேர்க்க வேண்டும். தமிழாக்கத்தைத் துணைக்கு வைக்கலாம், மூலத்துக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

பட்டறையின் சர்வரில் வெப்பநிலை வரைபடம் காட்டும் கிராஃபானாவைப் பற்றியும் கேட்டார்கள். 2021 முதல் அது ஏஜிபிஎல். சர்வரில் ஓடுவது விநியோகம் ஆகாது என்ற இடைவெளியை அடைக்க 2007-இல் வந்த உரிமம் அது. மாற்றாமல் அப்படியே ஓட்டுகிறவருக்குக் கடமை இல்லை. மாற்றினால், இணையம் வழி பயன்படுத்துபவர்களுக்கு மூலநிரல் தர வேண்டும். பட்டறை மாற்றவில்லை.

1500

ஜூன் 9 அன்று பென் டிரைவ் காசிமேடு போய்ச் சேர்ந்தது. மின்வேலைக்காரர் இரண்டு நாளில் இமேஜைக் கட்டினார். பழைய சேமிப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, 300 இருந்த இடத்தில் 1500 போட்டு ஏற்றினார். கதவைத் திறந்து வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தைந்தாவது நிமிடம் சைரன் அடித்தது. பிடுங்கிக் கிடந்த ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். தடை முடிந்து படகுகள் புறப்பட இன்னும் மூன்று நாள் இருந்தது.

அதோடு விடவில்லை. அடுத்த முறை நேரத்தை மாற்ற மறுபடி கெர்னல் கட்ட வேண்டியிராதபடி, அந்த எண்ணை டிரைவரின் அளவுருவாக்கி, ஓடும் கெர்னலின் அமைப்புகளைக் காட்டும் சிஸ் அடைவிலிருந்தே மாற்றும்படி பதினோரு வரி சேர்த்தார். தன் சொந்த உபயோகத்துக்கான மாற்றம், யாருக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயம் ஜிபிஎல்லில் இல்லை. ஆனாலும் பேட்ச்சைக் கொடுங்கையூருக்கு அனுப்பினார். பட்டறை அதைச் சோதித்து, புதிய பெட்டிகளின் கெர்னலில் சேர்த்தது. டிரைவர் கோப்பின் தலைப்பில் பட்டறையின் பதிப்புரிமை வரிக்குக் கீழே இப்போது அவருடைய பெயரில் இரண்டாவது வரி இருக்கிறது. அந்தக் கோப்பை வேறு உரிமத்தில் யாருக்காவது தரப் பட்டறை நினைத்தால், இனி அவருடைய கையெழுத்தும் வேண்டும்.